பெரியத்தை முதுகைத் திருப்பினால்

பெரியத்தை வருகிற வெள்ளிக்கிழமை சாகப்போகிறாள் என்பது டப்பிங் அக்காவுக்குத் திங்கட்கிழமை மத்தியானம்தான் தெரிந்தது. சொன்னவர் சவுண்டு அண்ணன். ஹெட்போனின் ஒயரைச் சிக்கெடுத்துக்கொண்டே, ஏதோ கரண்டு போகப்போகிறது என்பதைப்போலச் சொல்லிவிட்டார்.

"இந்த வாரம் உனக்கு வசனம் கெடையாதும்மா. வெறும் மூச்சுதான். கோமா. வெள்ளிக்கிழம கடைசி மூச்சு, அதோட முடிஞ்சுது."

"யாருக்கு?"

"யாருக்கா? பெரியத்தைக்குத்தான். சேனலுக்குப் புது மேனேஜர் வந்திருக்கார்ல, வயசானவங்க மூஞ்சிய இனி யாரும் பாக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டாராம்."

அக்கா மைக்கின் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பதினேழு வருஷத்தில் அவள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அவள் நின்றால்தான் பெரியத்தையின் குரல் வரும்.

பெரியத்தையைத் தெரியாதவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்காக ஒரு வார்த்தை. தினமும் இரவு ஏழரைக்கு வரும் அந்தத் தொடரில், நான்கு தம்பிகளையும் அவர்கள் மனைவிகளையும் எண்ணிக்கை தப்பிப்போன அவர்கள் பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்ப்பவள் பெரியத்தை. அவள் "ம்" என்றால் வீடு அடங்கும். "ம்ம்" என்றால் மருமகள்களில் யாராவது ஒருத்திக்கு அந்த வாரம் பூராவும் தூக்கம் போகும். ஆனால் அவள் ஒருத்தி அல்ல, இரண்டு பேர் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. முகம் ஒரு நடிகையம்மாவுடையது, குரல் அக்காவுடையது. படப்பிடிப்பு ஊரின் ஒரு கோடியில் ஒரு வாடகை பங்களாவில் நடக்கும். குரல்பதிவு மறுகோடியில், பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே, ஜன்னல் இல்லாத ஓர் அறையில். இத்தனை வருஷத்தில் அந்த முகமும் இந்தக் குரலும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை.

அக்காவின் சொந்தக் குரல் இருக்கிறதே, அதைப்பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடையில் ஒரு சோப்பு வாங்க மூன்று தடவை கேட்க வேண்டும். பஸ்ஸில் அவள் சொல்லும் நிறுத்தம் தாண்டித்தான் பஸ் நிற்கும். ஆனால் மைக்கின் முன்னால் வந்து, வயிற்றை எக்கி, முகவாயை இரண்டு விரல்கடை கீழே இறக்கினால், எங்கிருந்தோ பெரியத்தை வந்துவிடுவாள்.

வேலை கிடைத்த முதல் வாரமே இதை வீட்டுக்காரரிடம் சொன்னாள். குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வருமளவுக்கு அவர் சிரித்தார். "உன் குரலா? நீ கூப்பிட்டா பூனகூடத் திரும்பிப் பாக்காது." பிறகு, பாவம், பெண்டாட்டி ஏதோ ஆசைப்படுகிறாள் என்று நினைத்து, ஸ்டுடியோவில் அவளுக்குக் கொடுத்திருக்கும் வேலை இன்னதுதான் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். உறவுக்காரர்கள் கேட்டால் சொல்வார்: "கல்யாண சீன்ல பின்னாடி கசகசன்னு பேசிக்குவாங்கல்ல? அந்தக் கும்பல் சத்தம் இவதான்."

அன்றைக்கு அக்காவுக்குக் கோபம் வந்தது. இனி இந்த ஜென்மத்தில் இவரிடம் இதைப்பற்றி வாய் திறப்பதில்லை என்று தீர்மானித்தாள். அவள் பிடித்தால் பிடித்த பிடிதான். அவளாகச் சொல்லவில்லை, அவராகக் கேட்கவுமில்லை. தொடரின் முடிவில் வரும் எழுத்துகளில் தையல்காரர் பெயர்கூட ஓடும், குரல் கொடுப்பவர் பெயர் ஓடாது. அதனால் அவரைத் திருத்த ஆளில்லை.

ஆனால் சும்மா இருந்தாள் என்று நினைக்கவேண்டாம்.

டப்பிங்கில் ஒரு வசதி உண்டு. திரையில் வாய் தெரிந்தால் அந்த வாய் அசைகிற கணக்குக்குத்தான் பேச முடியும். முதுகைத் திருப்பிக்கொண்டால் எதையும் பேசலாம், யாருக்கும் தெரியாது. மூன்றாவது வருஷம் ஒருநாள், பெரியத்தை மாடிப்படி ஏறிக்கொண்டே, "நாளைக்குப் பேசிக்கலாம், எல்லாரும் போய்ப் படுங்க" என்று சொல்லும் காட்சி. முதுகு மட்டும்தான் தெரிந்தது. எழுதிக் கொடுத்ததை அக்கா அப்படியே சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் தொடர்ந்தாள்: "ஈரத் துண்டக் கட்டில்மேல போடுற பழக்கத்த மொதல்ல விடுங்க."

சவுண்டு அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவளைப் பார்த்தார். அழிக்கவில்லை. அவருக்கும் வீட்டில் மகனால் அதே தொந்தரவு என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

மறுநாள் காலை வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்து, துண்டைக் கொடியில் விரித்துப் போட்டார்.

"என்ன அதிசயம்?" என்றாள் அக்கா.

"பெரியத்தை சொல்லிட்டா. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"நான் பதினோரு வருஷமா சொல்றேன்."

"நீ சொல்றது வேற."

அதற்குப்பிறகு பெரியத்தை முதுகைத் திருப்பும்போதெல்லாம் அந்த வீட்டில் ஏதாவது ஒன்று ஒழுங்கானது. அவர் இரத்தக்கொதிப்பு மாத்திரையை நேரத்துக்குப் போட ஆரம்பித்தார். மாதம் ஒருமுறை தன் கூடப்பிறந்த அக்காவுக்குப் போன் பேசினார். காலிப் பாத்திரத்தை மறுபடி ஃபிரிட்ஜுக்குள் வைப்பதை மட்டும் பெரியத்தையாலும் நிறுத்த முடியவில்லை.

இதெல்லாம் விளையாட்டு. ஒன்று மட்டும் விளையாட்டில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். மனிதர் மூன்று மாதம் சவரம் செய்யாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தார். அக்கா என்ன சொன்னாலும் "ம்" என்பார், அந்த "ம்" சுவருக்குத்தான் போகும். அந்தச் சமயத்தில் பெரியத்தை தோட்டத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் ஒரு காட்சி வந்தது. வசனமே இல்லாத காட்சி. நடிகையம்மாவின் முதுகு ஒரு முழு நிமிஷம் திரையில் நின்றது. அக்கா மைக்கிடம் போய், யாரோ கண்ணுக்குத் தெரியாத தம்பியிடம் பேசுவதுபோலச் சொன்னாள்: "வேலதான போச்சு. ஆளு இருக்கான்ல, அது போதும். எந்திரிச்சு முகத்தக் கழுவு." மறுநாள் காலை குளியலறையில் சவரக் கத்தியைக் கிண்ணத்தில் தட்டும் சத்தம் கேட்டது. அக்கா அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அடுத்த மாதமே அவர் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

இப்போது வெள்ளிக்கிழமை பெரியத்தையைக் கொன்றுவிடுவார்களாம். அவள் போனால், அக்காவிடமிருந்து அவருக்குப் போகிற ஒரே பாதையும் அடைபட்டுப் போகும். வேலை வேறு கிடைக்கும். இன்னொரு பெரியத்தை கிடைக்கமாட்டாள். அதை நினைத்தபோது அக்காவுக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

"ரெடியா?" என்றார் சவுண்டு அண்ணன்.

திரையில் பெரியத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாள். மூக்கிலிருந்து முகவாய் வரைக்கும் ஆக்சிஜன் மாஸ்க். அக்கா அதை உற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று வயிற்றை எக்கினாள். ஒரு மூச்சு, இரண்டாவது மூச்சு. மூன்றாவது மூச்சோடு ஒரு முனகல் வந்தது. "சாவிய... யாருகிட்டயும்... குடுக்காதீங்க."

"மூச்சுதானம்மா கேட்டாங்க" என்றார் அண்ணன்.

"மூச்சோட ஒட்டிக்கிட்டு வந்துடுச்சுண்ணே."

அண்ணன் மணியைப் பார்த்தார். அந்தத் தொடரில் காலையில் எடுப்பதைச் சாயங்காலம் வெட்டி ஒட்டி, ஏழரைக்குக் காட்டவேண்டியதை ஆறரைக்குத்தான் அனுப்புவார்கள். சரிபார்க்க ஆளும் கிடையாது, நேரமும் கிடையாது. அவர் அப்படியே அனுப்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை சேனலின் போன்கள் ஓயவில்லை. எந்தச் சாவி என்று ஊரே கேட்டது. கதை எழுதுபவர், இது மேனேஜர் போட்ட வரி என்று நினைத்தார். மேனேஜர், எழுதுபவர் போட்டது என்று நினைத்தார். டைரக்டர், இரண்டு பேரும் சேர்ந்து தன்னிடம் சொல்லாமல் செய்துவிட்டார்கள் என்று நினைத்தார். தனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை. அதனால் மூன்று பேரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். எழுதுபவர் அன்றைய காட்சியில் அவசர அவசரமாக ஒரு சாவியைக் கண்டுபிடிக்க வைத்தார். அன்று சாயங்காலம் மாஸ்க்குக்குள்ளிருந்து பெரியத்தை முனகினாள்: "அது இல்ல... இன்னொண்ணு."

"கோமாவுல கெடந்துக்கிட்டே வீட்ட எப்படிப் பாத்துக்கிறா பாரு" என்றார் வீட்டுக்காரர். "நீ முழிச்சுக்கிட்டு இருக்கும்போதே பாலப் பொங்க விடுற."

"அவங்க அளவுக்கு எனக்கு ஏதுங்க தெறம" என்று அக்கா அடுப்பைத் துடைத்தாள்.

வியாழக்கிழமை குட்டு உடைந்தது. அந்த இன்னொரு சாவிதான் எது என்று மேனேஜர் எழுதுபவரிடம் கேட்க, "நீங்கதான சார் சொல்லணும்" என்று அவர் சொல்லப்போக, இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. பதினோரு மணிக்கு மேனேஜர் பல் டாக்டர் கிளினிக்கின் படியேறி வந்துவிட்டார். சின்ன வயசு, இஸ்திரி கலையாத சட்டை. அக்காவைப் பார்த்துப் பேசாமல் மைக்கைப் பார்த்துப் பேசினார்.

"நாளைக்கு மாஸ்க்க எடுத்துடுவோம். வாய் நல்லாத் தெரியும். நானே இங்க வந்து உக்காருவேன். ஒரு மூச்சு, அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு சத்தம் வந்தா, நாளன்னிக்கு ரெண்டு பேரும் வேற வேல தேடிக்கலாம்."

"சார், ஒரு நிமிஷம்..." என்றாள் அக்கா, தன் சொந்தக் குரலில். அது அவர் காதில் விழவில்லை. அவர் பாதிப் படி இறங்கியிருந்தார்.

அன்று மத்தியானம் அக்கா இரண்டு பஸ் மாறி, ஊரின் மறுகோடிக்குப் போனாள். பங்களாவின் கீழ் அறையில் ஆஸ்பத்திரி இருந்தது. சாப்பாட்டு இடைவேளை என்பதால் யாருமில்லை. கட்டிலில் நடிகையம்மா மட்டும் மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணை மூடிப் பிஸ்கட் மென்றுகொண்டிருந்தார்.

"அம்மா" என்றாள் அக்கா. நடிகையம்மா அசையவில்லை. "அம்மா, உங்களத்தான்." பிஸ்கட் தொடர்ந்தது. அக்கா வேறு வழியில்லாமல் வயிற்றை எக்கினாள். "எந்திரிம்மா."

நடிகையம்மா வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "அது நான்ல?" என்றார்.

"ஆமாம்மா. நீங்கதான். மீதி நானு."

நடிகையம்மா அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். அவருடைய குரல் கீச்சென்று இருந்தது. "நீதானா அது. உன்னால பதினேழு வருஷமா வெளியில வாயத் தொறக்க முடியல தெரியுமா? ஒரு கடைக்குப் போய் வெலகூட கேக்க முடியாது. கேட்டா, நீங்க பெரியத்தை இல்லங்கிறாங்க. பேசாம இருந்தா, என்னா கம்பீரம்ங்கிறாங்க." சொல்லிவிட்டு நகர்ந்து, கட்டிலில் இடம் கொடுத்தார். "உக்காரு. பிஸ்கட் எடுத்துக்க."

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். துண்டையும் சொன்னாள், செடியையும் சொன்னாள். நடிகையம்மா கையிலிருந்த பிஸ்கட்டைக் கடிக்காமல் கேட்டார்.

"எனக்கு மட்டும் சாகணும்னு ஆசையா?" என்றார் கடைசியில். "இப்பவே ரெண்டு சீரியல்ல கேட்டுட்டாங்க. செத்துப்போன மாமியார் போட்டோவா வரணுமாம். சொவத்துல தொங்கணுமாம்." கொஞ்ச நேரம் யோசித்தார். "நாளைக்கு எல்லாரும் என் வாயவே பாத்துக்கிட்டு இருப்பாங்க, இல்ல?"

"ஆமாம்மா. மேனேஜர் கண்டிப்பாச் சொல்லிட்டாரு."

"நல்லதாப் போச்சு" என்று நடிகையம்மா மாஸ்க்கை இறக்கிவிட்டுக்கொண்டு படுத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு மேனேஜர் சொன்னபடி வந்து, சவுண்டு அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சாவுக் காட்சி அவருடைய சொந்த யோசனை. வெட்டே இல்லாமல் ஒரே ஷாட், மூன்றரை நிமிஷம், கேமரா கட்டிலைச் சுற்றிவரும். வெளிநாட்டுப் படங்களில் இப்படித்தான் எடுப்பார்களாம்.

திரையில் டாக்டர் மாஸ்க்கை எடுத்தார். பெரியத்தையின் வாய் பளிச்சென்று தெரிந்தது. அக்கா ஒரு மூச்சு விட்டாள். நீளமாக இழுத்து, நடுவில் ஒருமுறை தயங்கி, பிறகு விட்டுவிட்ட மூச்சு. மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சூப்பர்" என்றார். அதற்கு மேல் ஒரு சத்தம் வரவில்லை. டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, போர்வையை இழுத்து முகத்தை மூடினார்.

அந்த ஆஸ்பத்திரியில் எல்லாமே வாடகைச் சாமான், போர்வை கொஞ்சம் குட்டை. தலையை மூடினால் கால் வெளியே வரும். வந்தது. கேமரா மெதுவாகச் சுற்றிக் கால்மாட்டுக்கு வந்து நின்றது. பின்னால் நான்கு தம்பிகளும் கதறிக்கொண்டிருந்தார்கள். முன்னால், திரையில் பாதி அளவுக்கு, பெரியத்தையின் இரண்டு பாதங்கள். வலது கட்டைவிரல் ஆடியது.

மேனேஜர் முன்னால் குனிந்தார். இடது கட்டைவிரலும் ஆடியது. பிறகு வலது. தம்பிகளின் அழுகைக்குத் தாளம் போடுவதுபோல அது கடைசிவரை ஆடிக்கொண்டே இருந்தது.

"இத டைரக்டர் பாக்கலியா?"

சவுண்டு அண்ணன் போன் போட்டுக் கேட்டார். "எல்லாரும் வாயத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்களாம் சார். நீங்க சொன்னீங்களாமே."

"திரும்ப எடுக்கச் சொல்லுங்க."

"ஆஸ்பத்திரிய மத்தியானமே கழட்டி கோர்ட்டாக்கிட்டாங்க. நடிகையம்மா போன் ஆஃப்ல இருக்கு."

"அந்த ஷாட்ட வெட்டுங்க."

"ஒரே ஷாட் சார். வெட்டினா மூணர நிமிஷம் கொறையும்." அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறே காலாச்சு. ஆறரைக்கு அனுப்பணும்."

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "செத்தவ கால ஆட்டுறா. ஊரே சிரிக்கும். என் மொத ஷாட்."

"செத்தாத்தான சார் சிரிப்பாங்க" என்றாள் அக்கா.

மெல்லிய குரல்தான். ஆனால் அறையில் வேறு சத்தம் இல்லை. மேனேஜர் தலையைத் தூக்கினார். "என்ன சொன்னீங்க?"

"சாகலைன்னா கால் ஆட்டுறதுல தப்பில்லயே. முகம் போர்வைக்குள்ளதான இருக்கு. வாய் தெரியல."

மேனேஜர் திரையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார், முதல்முறையாக மைக்கை விட்டுவிட்டு. "ஒரு வரி போட முடியுமா? பொழச்சுட்ட மாதிரி?"

"முடியும் சார். பேர் போடணும்."

"யார் பேர்?"

"என் பேர். எழுத்துல. இன்னிக்கே."

சவுண்டு அண்ணன் இருமினார், அது சிரிப்பாகவும் இருக்கலாம். மேனேஜர் மணியைப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்தார். "உங்க பேர் என்னம்மா?"

பதினேழு வருஷத்தில் சேனலிலிருந்து ஒருவர் அதைக் கேட்பது அதுவே முதல் தடவை. அக்கா சொன்னாள். அவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

அவள் மைக்கின் முன்னால் நின்று முகவாயை இறக்கினாள். "போர்வைய எடுங்கடா, மூச்சு முட்டுது. அழுதது போதும். அவனவன் எந்திரிச்சு வேலையப் பாரு."

மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். எதற்கு நின்றோம் என்று அவருக்கே தெரியவில்லை.

அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு இருபத்தெட்டு. வீட்டுக்காரர் கடைக்கு மத்தியானத்துக்கு மேல் லீவு போட்டுவிட்டு, துக்கவீட்டில் இருப்பவர்போல டி.வி.யின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கைக்குட்டை. "இன்னிக்குப் போயிடுவாளாம்" என்றார். படுக்கையறையில், அவர் மனசு சரியில்லாமல் வீசிவிட்டுப்போன ஈரத் துண்டு கட்டில்மேல் கிடந்ததை அக்கா பார்த்தாள். தொடவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கடைசி மூச்சு வந்தபோது அவர் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். போர்வையை மூடியபோது பார்க்கவே இல்லை. அக்காதான் முழங்கையால் இடித்தாள். நிமிர்ந்தவர், "கால் ஆடுதே" என்றார். "ஏம்மா, கால் ஆடுது பாரு." அந்தக் குரல் வந்ததும் பிள்ளைபோலக் கைதட்டினார். கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது. "எனக்குத் தெரியும். அவளாவது சாகுறதாவது."

எழுத்துகள் ஓடத் தொடங்கின. தையல்காரர், டிரைவர்கள், போர்வை கொடுத்த வாடகைக் கடை. கடைசியில் திரை நின்றது. பெரியத்தைக்குக் குரல் கொடுத்தவர் என்று ஒரு வரி, அதற்குக் கீழே பெரிய எழுத்தில் ஒரு பெயர்.

வீட்டுக்காரர் அதை வாய்விட்டுப் படித்தார். சிரித்தார். "பாரேன், உன் பேருலயே ஒருத்தி இருக்கா."

அக்கா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்தாள். நின்றால்தான் வரும். "ஈரத் துண்டு இன்னும் கட்டில்மேலதான் கெடக்கு" என்றாள் பெரியத்தை.

அவர் சட்டென்று எழுந்து படுக்கையறையைப் பார்த்து நடந்தார். வாசலில் போய்த்தான் நின்றார். முதுகு இந்தப் பக்கம் இருந்தது.

"துண்டு..." என்றார்.

"நான்தான்."

"மாத்திர?"

"அதுவும்."

டி.வி.யில் ஏதோ சோப்பு விளம்பரம் ஓடி முடிந்தது. அவர் திரும்பாமலே கேட்டார். "செடிக்குத் தண்ணி ஊத்துன அன்னிக்கு... அது?"

அக்காவால் வயிற்றை எக்க முடியவில்லை. சோப்பு வாங்கும் அந்தச் சின்னக் குரல்தான் வந்தது. "அதுவும் நான்தாங்க."

அது அவருக்குக் கேட்டது. முழுசாகக் கேட்டது என்பது அந்த முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் உள்ளே போனார். கொடியில் துண்டை உதறிப் போடும் சத்தம் வந்தது, அதற்குப்பிறகு ரொம்ப நேரம் ஒரு சத்தமும் வரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்தவர் கண் சிவந்திருந்தது. அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப அந்தக் கல்யாண சீன்ல," என்றார், "பின்னாடி கசகசன்னு பேசுறது யாரு?"